கண்டம் ஆன வண்டி

எனக்குத் தண்ணீரில் கண்டம் என்று ஜாதகத்தில் எழுதியிருந்தது. பன்னிரண்டு வயது முடிகிற வரைக்கும் ஏரி, குளம், கிணறு எதன் பக்கமும் விடாதீர்கள் என்று ஜோசியர் சொன்னதை அம்மா உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டாள். பள்ளியில் மாமல்லபுரம் டூர் போனபோது வகுப்பே கடலில் கால் நனைத்துவிட்டு வந்தது, நான் மட்டும் வீட்டில் பக்கெட்டில் குளித்தேன். வலது மணிக்கட்டில் கோயிலில் வைத்துக் கொடுத்த மஞ்சள் கயிறு ஒன்று எப்போதும் இருக்கும். இதில் வேடிக்கை, எங்கள் வீட்டுப் பிழைப்பே தண்ணீர்தான். அப்பா தீயணைப்பு நிலையத்தில் டிரைவர்.

எந்த ஊர் நிலையம் என்று சொல்லப்போவதில்லை. உத்திரமேரூரிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவு போதும். அப்பா இன்றைக்கும் பென்ஷன் வாங்கிக்கொண்டிருக்கிறார், எதற்கு வம்பு. ஆனால் அவர் செய்தது தப்பு என்று யாராவது என் எதிரில் சொல்லட்டும், அப்புறம் வம்புக்கு நான் பொறுப்பில்லை.

நிலையத்துக்குப் பின்னாலேயே குவார்ட்டர்ஸ். முன்னால் நின்ற வண்டி என்னைவிட வயதில் மூத்தது. சிவப்பு வெளுத்துச் செங்கல் நிறத்துக்கு வந்திருந்தது. அது நிற்கிற இடத்தில் எந்த வெயிலிலும் புல் பச்சையாக இருக்கும், ஏனென்றால் பம்பு அவ்வளவு ஒழுகும். ஃபயர் வண்டி வருவதற்குள் நெருப்பே சலித்துப்போய் அணைந்துவிடும் என்று டீக்கடையில் கேலி பேசுவார்கள். அப்பாவுக்குப் பொத்துக்கொண்டு வரும். "லேட்டானாலும் வந்துச்சா இல்லியா?" என்று கேட்பார். அது உண்மைதான். வைக்கோல் போர் எரிந்தாலும், கிணற்றில் மாடு விழுந்தாலும், யார் வீட்டு அலமாரியிலாவது நல்ல பாம்பு சுருண்டிருந்தாலும் அந்த வண்டி போய் நின்றது.

ஆனால் ஊர் மாறிக்கொண்டு வந்தது. ரோட்டோரம் நெல் விளைந்த நிலமெல்லாம் குடோன் ஆனது. பிளாஸ்டிக், ரப்பர், டயர். வைக்கோல் தீ தண்ணீரைக் கண்டால் அடங்கும், பிளாஸ்டிக் தீ அடங்காது என்று அப்பா சாப்பிடும்போதெல்லாம் சொல்வார். நிலையத்திலிருந்து எழுதி எழுதிக் கேட்டு, கடைசியில் புது வண்டி வந்தது.

அப்படி ஒரு சிவப்பை நான் அதுவரை பார்த்ததில்லை. பெரிய டேங்க், நுரை அடிக்கிற குழாய், தலைமேல் சுழலும் விளக்கு. சீட்டுக்கு மேல் இருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட எடுக்கவில்லை. எடுக்கக்கூடாது, அமைச்சர் வந்து திறந்துவைக்க வேண்டும். அதற்காக ஷெட்டின் இரண்டு தூணுக்கும் நடுவே பட்டு ரிப்பன் கட்டியிருந்தார் ஆபீசர். அமைச்சருக்குத் தேதி கிடைக்கவில்லை. ஒரு ரிப்பன் வெயிலில் வெளுத்து, இன்னொரு ரிப்பன் கட்டினார்கள். வண்டிச் சாவி ஆபீசரின் பேண்ட் பாக்கெட்டிலேயே இருந்தது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். மேலே இருப்பவர்களிடம் அப்படி ஒரு பயம் அவருக்கு. அந்தப் பயத்தைக் கீழே இருப்பவர்களிடம் கோபமாகக் கொடுத்துத் தீர்ப்பார்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொன்னார்.

"பழைய வண்டி கண்டம் ஆயிடுச்சிமா. இன்னிக்கு ஆர்டர் வந்துட்ச்சி."

இனி ஓட லாயக்கில்லை என்று சர்க்கார் எழுதி ஒதுக்கிவைக்கிற வண்டியைக் கண்டம் ஆன வண்டி என்பார்கள். அது ‘கண்டெம்ட்’ என்கிற இங்கிலீஷ் வார்த்தை தேய்ந்து வந்தது என்பது எனக்குக் கல்லூரி போன பிறகுதான் உறைத்தது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்த கண்டம் ஒன்றே ஒன்று. பாவம், வண்டிக்கும் ஜாதகம் பார்த்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

"வண்டிக்கு எதுலப்பா கண்டம்?" என்று கேட்டேன்.

அப்பாவுக்கு விளையாட்டு. "நெருப்புலதான் கண்ணு. வேற எதுல?" என்றார்.

நான் தட்டைத் தள்ளிவைத்தேன். தண்ணீரில் கண்டம் உள்ள என்னை ஏரிப் பக்கமே விடாதவர்கள், நெருப்பில் கண்டம் உள்ள வண்டியை எப்படி நெருப்புக்கு ஓட்டுவார்கள்? ஓட்டினால் வண்டி மட்டுமா போகும், அதை ஓட்டுகிற அப்பா? மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் வண்டியில் ஏறி, என் கை மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, முன்னால் தொங்கிய பித்தளை மணியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினேன். கயிறு எங்கே என்று அம்மா கேட்டதற்கு அறுந்துவிட்டது என்றேன். கோயிலுக்குப் போகும்போது வேறு வாங்கிக் கட்டலாம் என்றாள்.

அவள் வாங்குவதற்குள் நெருப்பு வந்துவிட்டது. கத்திரி வெயில், ஞாயிற்றுக்கிழமை பகல். ஏரிக்கரைத் தெருவில் இருந்த காயலான் கடை குடோன் பற்றிக்கொண்டது. பழைய டயரும் பிளாஸ்டிக்கும் உடைந்த நாற்காலியும் மலையாகக் குவிந்த இடம். குடோனை ஒட்டி ஒரு வரிசை வீடுகள், பாதிக்கு மேல் கூரை. கறுப்புப் புகை எழுந்ததும் பாதி ஊர் எங்கள் நிலையத்து வாசலில் வந்து நின்றது. முதல் ஆளாகக் காயலான் கடைக்காரர், காலில் செருப்பில்லாமல்.

பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி கிளம்பிவிட்டது, எல்லோரும் பொறுமையாக இருங்கள் என்றார் ஆபீசர். அந்த வண்டி ரயில்வே கேட்டைத் தாண்டி வந்து சேருவதற்குள் என்ன மிஞ்சும் என்பது அங்கே நின்ற குழந்தைக்குக்கூடத் தெரியும். புது வண்டியை எடுக்கலாம் சார் என்றார் அப்பா. திறப்பு விழா நடக்காத வண்டியை எடுத்தால் என் வேலை போகும் என்றார் ஆபீசர். கூட்டம் கத்தியது. ஆபீசர் பாக்கெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டார்.

அப்போதுதான் அம்மா வந்தாள். வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தவள், கையில் இருந்த கத்திரிக்கோலோடு அப்படியே வந்துவிட்டாள். கூட்டம் வழிவிட்டது. ஆபீசர் முகத்துக்கு நேராக அவள் பேசிய பேச்சு எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது.

"இன்னா சார், ரிப்பன் வெட்ட ஆளு இல்லன்னுதான வண்டி நிக்கிது? துணி வெட்றதுதான் என் வேல. நான் வெட்டட்டா?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. ரிப்பன் நடுவில் துண்டாகி இரண்டு தூணிலும் தொங்கியது. கூட்டத்தில் விசில் பறந்தது. ஆனாலும் புது வண்டி நகரவில்லை, சாவி பாக்கெட்டில் இருந்தது. பாக்கெட்டை வெட்டும் அளவுக்கு அம்மா போகவில்லை.

அப்பா ஆபீசரை ஒரு தடவை பார்த்தார். பிறகு வீட்டுக்குள் ஓடி, சாவியோடு வந்து பழைய வண்டியில் ஏறினார். அதன் சாவி எங்கள் வீட்டு ஆணியில்தான் தொங்கியது, கண்டம் ஆன வண்டியை யார் திருடப்போகிறார்கள்? சாவியைத் திருகினால் பேட்டரியில் உயிரில்லை. ஜன்னலில் தலையை நீட்டி, "தள்றவன்லாம் பின்னால வா! வீடியோ எடுக்கறவன் அப்பால எடுத்துக்க!" என்று கத்தினார். சட்டையில்லாத பத்து இருபது பேர் பின்னால் கை வைத்தார்கள்.

நான் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். இரண்டு கையையும் விரித்துக்கொண்டேன். "போவாதப்பா! கண்டம் கீது! வண்டிக்குக் கண்டம் கீது!" என்று அலறினேன். நாலு பேர் சிரித்தார்கள். ஆபீசர்கூட, குழந்தைக்குத் தெரிவது உனக்குத் தெரியவில்லையே என்றார். அவர் நினைத்த கண்டம் வேறு, நான் நினைத்த கண்டம் வேறு.

அப்பா இறங்கி வந்து என்னைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். "கண்டம்லாம் காயிதத்துலதான் கண்ணு கீது. இஞ்சினுக்கு அது தெரியாது" என்றார்.

வண்டி உருண்டது, இருமியது, கறுப்பாக ஒரு புகை கக்கிவிட்டுக் கிளம்பியது. சைரன் வேலை செய்யவில்லை. கிளீனர் பக்கம் உட்கார்ந்த ஃபயர்மேன் மணியை அடித்துக்கொண்டே போனார். என் மஞ்சள் கயிறு ஆடிக்கொண்டே போவதைப் பார்த்தேன்.

அம்மா என்னை இழுத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் போனாள். அதற்கு மேல் அனல் விடவில்லை. அப்பா குடோனுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர்கூட அடிக்கச் சொல்லவில்லை. காயலான் கடைக்காரர் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினார். "என் குடோன் எரியுதுய்யா!" என்று கதறினார். "உன் குடோனு போயிட்ச்சி. வூட்டயாவது காப்பாத்த வுடு" என்றார் அப்பா. வீட்டுக் கூரைகளை நனைத்துக்கொண்டே இருந்தார்கள். டேங்க் தண்ணீர் தீர்ந்ததும் தடித்த குழாயை ஏரியில் இறக்கினார்கள். பம்பு சேற்றைக் குடித்துவிட்டு நின்றது. அப்பா பம்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டு அதைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். முதல் வீட்டுக் கூரை ஓரத்தில் புகைய ஆரம்பித்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு, கயிறே கயிறே என்று கயிற்றைக் கும்பிட்டேன். கண்ணைத் திறந்தபோது குழாய் விறைத்திருந்தது, ஏரித் தண்ணீர் பழுப்பாகக் கூரைமேல் விழுந்துகொண்டிருந்தது.

பக்கத்து நிலையத்து வண்டி வந்து நுரை அடித்தபோது குடோன் முக்கால்வாசி சாம்பல். வீடுகளில் ஒன்றுகூடப் போகவில்லை. எங்கள் வண்டி தானாகத் திரும்பி வரவில்லை, அதை டிராக்டரில் கட்டி இழுத்துவந்தார்கள். ஊரே மணியடித்துக்கொண்டு கூட வந்தது. அப்பாவுக்குப் பல்லைத் தவிர எல்லாம் கறுப்பு. மணியில் கயிறும் கறுத்திருந்தது, அறுபடவில்லை. பரிகாரம் பலித்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீடியோ எடுத்தவன் சும்மா இருப்பானா? ரிப்பன் அறுந்து நிற்கிற புது வண்டியும், ஜனங்கள் தள்ளிக்கொண்டு போகிற ஓட்டை வண்டியும், அம்மாவின் கத்திரிக்கோலும் ஒரே படத்தில் விழுந்திருந்தன. அது போன் போனாகத் தாவி மேலிடம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஆபீசரைக் காஞ்சிபுரத்துக்குக் கூப்பிட்டு ஒரு பிடி பிடித்திருக்கிறார்கள். திரும்பி வந்தவர் ஜீப்பை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக, வாசலில் அத்தனை பேர் பார்க்க அப்பாவைப் பார்த்துக் கத்தினார்.

"கண்டம் ஆன வண்டியைக் கேக்காம எடுப்பே, பொண்டாட்டியை விட்டு என் மானத்தை வாங்குவே. உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்தலைன்னா பாருடா!"

நான் அங்கேதான் பாண்டி ஆடிக்கொண்டிருந்தேன். ஒற்றைக் காலில் அப்படியே நின்றுவிட்டேன். தண்ணியில்லாக் காடு! ஏரி கிடையாது, குளம் கிடையாது, கிணறுகூடக் கிடையாது. என் கண்டம் எங்கே வந்து என்னைப் பிடிக்கும்? என் கயிற்றை அவருடைய வண்டிக்குக் கொடுத்ததை ஆபீசர் எப்படியோ பார்த்திருக்கிறார், பதிலுக்கு எனக்கு நல்லது செய்கிறார் என்று முடிவு கட்டினேன். பெரியவர்கள் நல்ல விஷயத்தையும் கத்தித்தான் சொல்வார்கள், அது எனக்குப் பழக்கம்.

ஓடிப்போய் அவர் எதிரில் கைகூப்பினேன். "ரொம்ப தேங்க்ஸ் சார். அம்மா கேட்டா ரொம்ப சந்தோஷப்படுவாங்க. எப்ப சார் போலாம்?" என்றேன்.

ஒரு ஃபயர்மேன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அவர் முதுகு குலுங்கியது. ஆபீசர் விறுவிறு என்று உள்ளே போய்விட்டார். நான் அவரைக் குத்திக்காட்டியதாக ஊர் பேசிக்கொண்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று டீக்கடையில் தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். சத்தியமாக எனக்கு நன்றியைத் தவிர வேறு நினைப்பு இல்லை.

மாற்றல் வந்தது. ராமநாதபுரம் பக்கம், மாநிலத்தின் மறுகோடி. புது வண்டிக்கு மூன்றாவது ரிப்பன் கட்டித் திறப்பு விழா நடந்த வாரம் நாங்கள் சாமான் ஏற்றினோம். பழைய வண்டியை ஏலத்தில் அந்தக் காயலான் கடைக்காரரே எடுத்தார். அதன் பித்தளை மணியை மட்டும் கழற்றி, கயிற்றோடு கொண்டுவந்து அம்மா கையில் கொடுத்தார். அது இப்போதும் எங்கள் வாசலில் காலிங் பெல்லாக இருக்கிறது.

போய் இறங்கிய அன்று சாயங்காலம் அப்பா எங்களை நடத்திக் கூட்டிப்போனார். ஒரு மணல்மேடு ஏறி இறங்கினால் எதிரில் கடல். கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

"ஆபீசர் பொய் சொல்லிட்டாருப்பா!" என்று கத்தினேன். "தண்ணியில்லாக் காடுன்னு சொல்லிட்டுக் கடலுக்கு அனுப்பிட்டாரு!"

அப்பா சிரித்தார். சிரித்துச் சிரித்து முடியாமல் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பாவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு அத்தோடு போனதும், அந்த ஊரில் குடிக்கிற தண்ணீருக்கு அம்மா குடத்தோடு லாரிக்குக் காத்து நிற்கப்போவதும், இருவரும் அதை முன்பே பேசித் தீர்த்துவிட்டுத்தான் அங்கே வந்து நின்றார்கள் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டுக்கு ஒரு தண்டனை வந்திருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

அப்பா எழுந்து என் கையைப் பிடித்தார். கயிறில்லாத கை, அந்தத் தீக்குப் பிறகு அம்மா வேறு கயிறு கட்டவே இல்லை. நான் அம்மாவைப் பார்த்தேன். எட்டு வருஷம் என்னை வாய்க்காலைக்கூடத் தாண்ட விடாதவள், புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு எனக்கு முன்னால் இறங்கிப்போய்க்கொண்டிருந்தாள். இருட்டுகிற வரைக்கும் நாங்கள் கரையேறவில்லை.