நாலாவது மோட்டார்

படகுக்காரருக்குக் காது மந்தம். இருபது வருஷம் முதுகுக்குப் பின்னால் மோட்டாரை உறுமவிட்டதற்குக் கிடைத்த பரிசு. அது தனக்கும் மனைவிக்கும் மட்டும் தெரிந்த ரகசியம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். தெருவே தன்னிடம் கத்திப் பேசுவதை மனிதர் கவனித்ததே இல்லை.

அந்த மோட்டார் போன மாதம் கண்ணை மூடிவிட்டது. பழசாக ஒன்று வாங்கலாம் என்று இருவரும் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினார்கள். பார்ப்பது அவர் பொறுப்பு, கேட்பது அவள் பொறுப்பு. பின்னால் நின்று அவர் தோளில் கை வைத்திருப்பாள். ஒரு அழுத்து என்றால் சத்தம் சுத்தம். இரண்டு என்றால் உள்ளே ஏதோ இடிக்கிறது. இதுவரை பார்த்த மூன்றுக்கும் இரண்டு அழுத்துதான்.

நாலாவது கொட்டகையில் அவர் முதலில் மோட்டாரின் தலையைத் தொட்டுப் பார்த்தார். விற்கிறவர்கள் முன்கூட்டியே ஓட்டிச் சூடேற்றி வைத்துவிடுவார்கள், பிறகு எந்தக் கிழடும் ஒரே இழுப்பில் கிளம்பிவிடும். இது சில்லென்று இருந்தது. அடியில் திருகைக் கழற்றி எண்ணெயை விரலில் தொட்டார். தண்ணீர் புகுந்திருந்தால் வெளுத்திருக்கும். வெளுக்கவில்லை.

கொட்டகைக்காரர் மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. மோட்டாரைக் குளிர வைக்கும் தண்ணீர் பக்கவாட்டு ஓட்டையிலிருந்து சீராகப் பீறிட்டது.

அவள் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். ஒரு குறையும் இல்லை. அதுதான் அவளுக்குப் பயம். நாளைக்கே தனியாகக் கடலுக்குக் கிளம்பிவிடுவார். தோளை இரண்டு முறை அழுத்தினாள்.

அவர் திரும்பவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் மோட்டாரின் மூடிமேல் வைத்து, அதிர்வை உணர்ந்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டிவிட்டு அவளை ஓரமாக அழைத்துப் போனார்.

"காதுதான் போச்சு, கை போகல. மோட்டார் நல்லா இருக்கு. மத்த மூணும் நல்லாதான் இருந்துச்சா?"

"ரெண்டு நல்லா இருந்துச்சு," என்றாள் அவர் காதருகே. "மூணாவது நெசமாவே மோசம்."

"அந்த ரெண்டும் நல்லதுன்னு அன்னிக்கே கை சொல்லுச்சு. நீ சொன்னா சரியா இருக்கும்னு விட்டுட்டேன்."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "பின்னாடி பெரிய படகு ஹாரன் அடிச்சுக்கிட்டு வந்தா உங்களுக்குத் தெரியுமா? நீங்க திரும்பி வர்ற வரைக்கும் கரையில எனக்கு உசுரே இருக்காதுங்க."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, எடுத்துக்கிறீங்களா?" என்று கொட்டகைக்காரர் கேட்டார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க. எனக்குக் காது கேக்காது."

வெளி மனிதரிடம் அவர் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. கொட்டகைக்காரர் தொண்டை கிழியக் கத்தினார்.

"எடுத்துக்கிறோம். இவ அளவுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட்டும் குடுங்க. இனிமே என் கூட வரப்போறா."

"யாரைக் கேட்டு முடிவு பண்ணீங்க?" என்றாள். அது அவருக்குக் கேட்கவில்லை. அவர் திரும்பிப் பார்த்தபோது அவள் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வாரை இறுக்கிக்கொண்டிருந்தாள்.