பச்சை எரியாத பதின்மூன்று ஞாயிறுகள்

பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் அவரைத் தையலம்மா என்பார்கள். யாரும் குரல் கொடுத்துக் கூப்பிடுவதில்லை. தோளைத் தொட்டுத் திருப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்கள். வெந்நீர் ஆவியும் சோப்பு வாடையும் நிறைந்த அந்த நீள அறையின் கோடியில், ஜன்னலோரமாக அவருடைய தையல் இயந்திரம். கிழிந்த படுக்கை விரிப்புகள், நாடா அறுந்த நோயாளிச் சட்டைகள், ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வரும் பச்சைத் துணிகள் எல்லாம் துவைத்துக் காய்ந்து அவர் மேசைக்கு வந்து சேரும். விரிப்பை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பார். ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். "காது வாங்க வேண்டிய சம்பளத்தையும் சேத்து கண்ணே வாங்கிக்குது" என்று இஸ்திரிக்காரம்மா கிண்டல் செய்வார். உதட்டைப் பார்த்தே அதைப் புரிந்துகொண்டு தையலம்மாவும் சிரிப்பார்.

அவர் பிறவியிலேயே கேளாதவர் அல்ல. பதினெட்டு வருடம் நெசவு ஆலையில் இருந்தார். ஒரே கூரைக்கடியில் நூறு தறிகள் அடித்த சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. நாற்பது வயதுக்குள் இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் பழையபடி தெளிவாக இருந்ததால் வெளியாட்களுக்குச் சட்டென்று தெரியாது. அவரும் தெரியவிடமாட்டார். கடையில் யாராவது ஏதாவது கேட்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குக் கேட்காது என்று முன்பின் தெரியாதவரிடம் சொல்ல அவருக்கு வாயே வராது.

கணவர் போய்ச் சேர்ந்து பத்து வருடமாகிறது. ஒரே மகள், வேறு ஊரில் மருந்துக் கடை வேலை. நகரத்தின் இன்னொரு மூலையில், முதியோர் இல்லம் ஒன்றில் அக்கா இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் அலுவலகத்தில் தட்டச்சு செய்து தங்கையைக் கரையேற்றியவர். இப்போது ஞாபகம் ஒவ்வொன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. காலையில் சாப்பிட்டது மறந்துவிடும், அறை மறந்துவிடும். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தங்கை வாசலில் வந்து நின்றால், "குட்டி வந்துட்டா" என்று பக்கத்துக் கட்டில்காரரிடம் பெருமையாகச் சொல்வார். வாரம் தவறாமல் பார்ப்பதால்தான் அந்த ஒரு முகம் தங்கியிருக்கிறது என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லியிருந்தார்.

இரண்டு பஸ், நடுவில் ஒரு ரயில். எல்லாவற்றுக்கும் ஒரே கார்டு. பஸ்ஸிலும் ரயிலிலும் காசு வாங்குவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். தையலம்மாவிடம் இருந்தது காது கேளாதவர்களுக்கான சலுகைக் கார்டு. கதவில் வைத்தால் 'பீப்' என்று ஒலிக்கும் என்பார்கள்; அவருக்குப் பச்சை விளக்குதான் கணக்கு.

அந்த ஞாயிறு சிவப்பு எரிந்தது. துடைத்து வைத்தார், திருப்பி வைத்தார். பின்னால் வரிசை நீண்டது. யாரோ முதுகில் தட்டி ஒதுங்கச் சொன்னார்கள். உதவி மேசையில் இருந்தவர் கார்டைக் கருவியில் வைத்துப் பார்த்துவிட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: 'முடக்கப்பட்டது. உதவி எண்ணுக்கு அழைக்கவும்.'

அடுத்த வாரம் மகள் வந்து விசாரித்தபோதுதான் விஷயம் புரிந்தது. சலுகைக் கார்டுகளை வருடத்துக்கு ஒருமுறை உறுதி செய்ய வேண்டும் என்று புது விதி. வேலை நேரத்தில் ஒரு தானியங்கி அழைப்பு வரும். எடுத்து, கார்டில் உள்ள எண்ணை வாயால் சொல்ல வேண்டும். மூன்று முறை எடுக்காவிட்டால் கார்டு முடங்கிவிடும். மூன்று முறையும் தையலம்மாவின் போன் சலவைப் பிரிவின் அலமாரிக்குள் அடித்து ஓய்ந்திருந்தது. கையிலேயே இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்?

மகள் உதவி எண்ணுக்கு அழைத்தாள். முக்கால் மணி நேரம் காத்திருந்த பிறகு ஒரு பெண் லைனில் வந்தார்.

"கார்டு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் பேசணும், மேடம்."

"அவங்க எங்கம்மா. அவங்களுக்குக் காது கேக்காதுங்க."

"புரியுது மேடம். அவங்கள லைனுக்கு வரச் சொல்லுங்க."

"காது கேக்காதவங்களுக்குக் குடுக்கிற கார்டுங்க அது!"

"ஆமா மேடம், இங்க திரையில அப்படித்தான் போட்டிருக்கு. அவங்கள வரச் சொல்லுங்க."

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு போனை ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் கேட்கும் கேள்வியை அவள் உதட்டசைவில் சொல்ல, தையலம்மா பதில் சொன்னார். பிறந்த தேதி சரி. முகவரி சரி. மூன்றாவது கேள்வியில் அந்தப் பெண் நிறுத்தினார். "பின்னாடி யாரோ சொல்லிக் குடுக்கிறாங்க. பாதுகாப்பு விதிப்படி இதை ஏத்துக்க முடியாது, மேடம்." இணைப்பு துண்டிக்கப்பட்டது. "என்ன சொன்னா?" என்று தையலம்மா கேட்டார்.

சலுகை வேண்டாம், முழுக் கட்டணத்துக்கே ஒரு சாதாரணக் கார்டு வாங்கிக்கொள்ளலாம் என்று பார்த்தார்கள். ஒருவர் பேரில் ஒரு கார்டுதான், பழையது விசாரணையில் இருக்கும்வரை புதியது கிடையாது என்றார்கள்.

நான்காவது வாரம் வாடகைக் கார் பிடித்துப் போனார். போக வர மூன்று நாள் சம்பளம். அக்கா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "ஏண்டி குட்டி, இப்படி இளைச்சுட்ட?" என்று கன்னத்தைப் பிடித்தார். அடுத்த வாரமும் காரில் போக வழியில்லை.

மகள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். கார்டு அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. எனவே அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுத் தையலம்மா தனியாகப் போனார். ஒன்றரை மணி நேர நடை. டோக்கன் கொடுத்தார்கள், நாற்பத்தேழு. சுவரில் எண் காட்டும் பலகை அணைந்து கிடந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் எண்களை வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெருவின் வெளிச்சம் விழுந்து அவர் உதடு தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்கத் தோன்றியது, வாய் வரவில்லை. இரண்டரை மணி நேரம் கழித்து எழுந்து போய்ச் சீட்டை நீட்டினார். அந்த ஆள் அதில் ஒரு கோடு கிழித்து, புது டோக்கன் இயந்திரத்தைக் கையால் காட்டினார். அதற்குள் அலுவலகம் மூடும் நேரம்.

இரண்டாம் முறை எப்படியோ விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். இருபத்தொரு வேலை நாட்கள் என்றார்கள். விரல்விட்டு எண்ணிக் காத்திருந்தார். பதில் குறுஞ்செய்தியாக வந்தது: 'விண்ணப்பதாரரைத் தொலைபேசியில் தொடர்புகொள்ள இயலாததால் நிராகரிக்கப்படுகிறது.'

நடுவே இல்லத்து நர்ஸ் வீடியோவில் அக்காவைக் காட்டினார். அக்கா போனை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். கண்ணாடி என்று நினைத்தாரோ என்னவோ, தலைமுடியைச் சரிசெய்துகொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அதைப் பார்த்த இஸ்திரிக்காரம்மாவுக்கு மனசு தாங்கவில்லை. "இந்தா, என் கார்டை எடுத்துட்டுப் போ. யார் பாக்கப் போறா?" என்று கையில் திணித்தார். பார்த்தார்கள். ரயிலில் ஏறிய மூன்றாவது நிறுத்தத்தில் பரிசோதகர் வந்தார். அவர் கருவியில் வேறு முகம் தெரிந்தது. கார்டைப் பறித்துக்கொண்டு, பெட்டி முழுக்கப் பார்க்க, அடுத்த நிறுத்தத்தில் தையலம்மாவை இறக்கிவிட்டார். இஸ்திரிக்காரம்மா ஒரு மாதம் வேலைக்கு நடந்து வந்தார். "நடந்தா உடம்புக்கு நல்லதுதான் போ" என்று சொன்னாரே தவிர ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அவர் வீங்கிய காலைத் தேய்த்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் தையலம்மாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பதின்மூன்றாவது ஞாயிறும் போனது. மறுநாள் தையலம்மா முழு நாள் விடுப்பு கேட்டார். வெள்ளைத் தாள் ஒன்றில் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'எனக்குக் காது கேட்காது. என் எண் வந்தால் கை காட்டுங்கள்.' எண்ணுக்கு இடம் விட்டிருந்தார். அலுவலகத்தில் டோக்கன் வாங்கியதும் அந்த இடத்தில் முப்பத்தொன்று என்று எழுதி, நாலு ஊசியால் தாளை நெஞ்சின் மேல் குத்திக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். இத்தனை வருடம் பொத்திப் பொத்தி வைத்திருந்ததை அறை முழுவதும் படித்தது. சிலர் பார்த்துவிட்டுப் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள். அவருக்குக் காதுமடல் கொதித்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

முப்பத்தொன்று வரைகூடப் போகவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அந்தத் தாளைப் படித்தார். பிறகு கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உதடு முதல்முறையாகத் தெளிவாகத் தெரிந்தது.

"நீங்க இதுக்கு முன்னாடி வந்திருக்கீங்கல்ல?"

"ரெண்டு தடவை வந்தேன். நீங்கதான் இருந்தீங்க."

"ஏம்மா அன்னைக்கே சொல்லல?"

"கார்டுலயே எழுதியிருக்குதுங்களே" என்றார் தையலம்மா.

அவர் எழுந்து உள்ளே போனார். விண்ணப்பத்தைத் திரையில் தேடிப் பார்த்துவிட்டு வந்து, கார்டு எண்ணைத் தாளில் பெரிதாக எழுதிக் கொடுத்தார். "இப்போ உங்க போனுக்கு மெஷின் கூப்பிடும். நான் காதுல வெச்சுக்கறேன். நான் கையைத் தூக்கினதும் இதைப் படிங்க. விதிப்படி நான் கூட இருக்கக் கூடாது. பரவால்ல."

போன் அதிர்ந்தது. அவர் கையைத் தூக்கினார். தையலம்மா எண்களை ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திப் படித்தார். நாலு நிமிடம்கூட ஆகவில்லை. முடிந்துவிட்டது என்று அவர் தலையசைத்தபோது தையலம்மாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார்.

அந்த வாரத்து ஞாயிறு பத்து மணிக்கு இல்லத்து வாசலில் நின்றார். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "வாங்க. உக்காருங்க. யாரைப் பாக்க வந்தீங்க?"

அந்த 'வாங்க'வை அக்காவின் உதட்டில் தையலம்மா அதுவரை பார்த்ததே இல்லை. தப்பாகப் படித்துவிட்டோமோ என்று நினைத்தார். அக்கா மறுபடியும் சொன்னார், அதே 'வாங்க'தான். நர்ஸ் குனிந்து, "உங்க தங்கச்சிம்மா, தெரியலையா?" என்றார்.

அக்கா தலையை அசைத்தார். "இல்ல இல்ல. என் தங்கச்சி சின்னப் பொண்ணு. மில்லுல வேலை செய்யறா. இப்பல்லாம் வர்றதே இல்ல." பிறகு தையலம்மாவிடம் சாய்ந்து, ரகசியம் சொல்வதுபோலக் கேட்டார். "எம்மேல ஏதோ கோவம்னு நினைக்கிறேன். நீங்க அவளப் பாத்தா கேப்பீங்களா?"

தையலம்மா அக்காவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "கோவமெல்லாம் ஒண்ணுமில்ல. பஸ்ல ஏதோ சிக்கல். அதான் வர முடியல. உங்களையேதான் நினைச்சுட்டு இருக்கா."

"அப்படியா?" என்றார் அக்கா. முகம் தெளிந்தது. "நல்லவங்க நீங்க. அடிக்கடி வாங்க."

மறுநாள் சலவைப் பிரிவில் இஸ்திரிக்காரம்மா தோளைத் தொட்டார். "போனியா? உங்கக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்கா" என்று சொல்லிவிட்டுத் தையலம்மா அடுத்த விரிப்பை எடுத்தார். அது தலைகீழாக இருந்தது என்பதைக் கொஞ்சநேரம் கழித்துத்தான் கவனித்தார்.

அடுத்த வருடம் உறுதிசெய்யும் நேரம் வந்தபோது அழைப்பு வரவில்லை. எழுத்தில் செய்தி வந்தது, எண்ணைத் தட்டி அனுப்பினால் போதும் என்று. நெற்றியில் கண்ணாடி ஏற்றிய அந்த மனிதர் மேலிடத்துக்கு எழுதினாரா, அல்லது வேறு யாராவது சண்டை போட்டார்களா, தெரியாது. விசாரிக்க அலுவலகத்துக்குப் போனபோது அவர் வேறு கிளைக்கு மாற்றலாகியிருந்தார்.

அக்கா அதற்குப் பின் பதினாலு மாதம் இருந்தார். தையலம்மா ஒரு ஞாயிறுகூடத் தவறவிடவில்லை. அக்காவுக்கு அந்த விருந்தாளியைப் பிடித்துப்போயிருந்தது. சில நாள் தலைவாரிவிடச் சொல்வார். சில நாள் தங்கையின் சின்ன வயசுக் கதைகளை அவரிடமே சொல்வார்; தையலம்மா அவற்றில் பாதியை அன்றுதான் முதல்முறையாகக் கேள்விப்பட்டார். கிளம்பும்போது அக்கா எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்புவார். "பாத்துப் போங்க" என்பார். "சரிங்க" என்று சொல்லிவிட்டுத் தையலம்மா பஸ் நிறுத்தத்துக்கு நடப்பார்.