அரிவாள் ஏறாத மலைப்பாதை

ரெங்கம்மாள் அக்கா குற்றாலத்து மலையில் விறகு பொறுக்கத் தொடங்கியது 1971இல், கணவர் இறந்த மறு மாதம். சீசனில் ஓட்டல் அடுப்புகளுக்கு அவர் விறகுதான். பிறகு பல பெண்கள் சேர்ந்து வெட்டவும் தொடங்க, பத்து வருடத்தில் அடிவாரம் மொட்டையானது. வனத்துறை பாதையை மூடப்போகிறது என்றதும் ரேஞ்சரிடம் போய் நின்றார்.

"மூணு மாசம் குடுங்கய்யா. அரிவாளை மலையேத்த மாட்டோம். கையில ஒடியுறதுதான் எடுப்போம். பச்சை கண்டா மூடிக்கோங்க."

ரேஞ்சர் ஒப்புக்கொண்டார். அக்காவோடு முப்பத்தொரு பெண்கள். ஏறுமுன் அரிவாள்களை அடிவாரத்துப் புளியமரத்தில் மாட்டுவார்கள். வீட்டில் வைத்தால் யார் நம்புவார்கள்? மரத்தில் தொங்கினால் எண்ணிப் பார்க்கலாம்.

இறங்கும் கட்டுகளில் பச்சை உண்டா என்று பார்த்து நோட்டில் எழுதும் தற்காலிக வேலை, வனத்துறையில் எனக்கு. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான், தாவரவியல். அந்தப் படிப்பால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கே தெரியவில்லை.

கெடு முடிய ஒரு நாள் இருக்கும்போதுதான் கவனித்தேன். குச்சியெல்லாம் காய்ந்தவை, கட்டியிருந்தது பச்சைக் கொடி. இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டே 'பச்சை இல்லை' என்று எழுதியிருக்கிறேன். சொன்னால் என் தவறும் வெளிவரும். அக்காவிடம் சொன்னேன்.

"பி.எஸ்ஸி. இப்பதான் கண்ணு முழிச்சிருக்கா," என்றாள் கட்டோடு நின்ற முத்துவடிவு. "கொடியில கட்டாம முந்தானையில கட்டவா?"

அக்கா தன் கட்டை இறக்கி, கொடியை நகத்தால் கீறினார். ஈரம்.

"சும்மா இருட்டி. மரத்தை விட்டுட்டு அதுல படர்ந்ததைப் பிடுங்குதோம். நாளைக்கு எல்லாரும் கயிறோட வாங்க."

மறுநாள் கிணற்றுக் கயிறு, தொட்டில் கயிறு எல்லாம் மலையேறின. "ஆட்டை அவுத்துவிட்டுட்டு அது கயிறோட வாரேன். யார் வயல்லயாவது மேஞ்சா பி.எஸ்ஸி. பதில் சொல்லட்டும்," என்றாள் முத்துவடிவு.

மதியம் ரேஞ்சர் வந்து அரிவாள்களை எண்ணினார். முப்பத்தொன்று. கட்டுகளைப் புரட்டினார். பிறகு என் நோட்டைக் கேட்டார். கடைசிப் பக்கத்தில் கொடி விஷயத்தை எழுதியிருந்தேன். படித்ததும் அவர் முகம் மாறியது.

"அப்ப இத்தனை நாளும்?"

நான் வாய் திறப்பதற்குள் அக்கா முன்னே வந்தார். "கொடியிலதான்யா கட்டுனோம். எங்களுக்கும் தோணல, எழுதுன புள்ளைக்கும் தோணல. தெரிஞ்ச அன்னைக்கே விட்டுட்டோம். இது எங்க கிணத்துக் கயிறு. இன்னைக்கு வீட்டுல தண்ணி இறைக்கல."

ரேஞ்சர் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். ஒரு வருட அனுமதியில் கையெழுத்திட்டார்.

அக்கா தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"ஏட்டி முத்துவடிவு, ஓடு. ஆட்டைப் பிடி."