கட்டாத மாடியில் குடியிருந்தவர்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு, காத்து கருப்பு எதையும் நம்புகிற ஆள் நானில்லை. பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள் நான். உயிர் வருவதையும் போவதையும் ஒரே கட்டிலில் பார்த்தவள். சவக்கிடங்கைத் தாண்டித்தான் எங்கள் சாப்பாட்டு அறை, அந்த வழியில் தனியாகப் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போய்வருவேன். கூட வேலை பார்த்த பிள்ளைகள் குளியலறையில் யாரோ நிற்கிறார்கள் என்று அலறினால், நான்தான் போய் விளக்கைப் போட்டு, ஆணியில் தொங்குகிற கவுனைக் காட்டிச் சிரித்துவிட்டு வருவேன். அப்படிப்பட்ட என்னைப் போய் இப்படி ஒரு கதை சொல்ல வைத்துவிட்டது அந்த வீடு. நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை மும்முரமாக நடந்த காலம் அது. எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்கினார்கள், இன்ஜினியர், கான்ட்ராக்டர், வெல்டர், லாரிக்காரர், எல்லாருக்கும் வீடு வேண்டும், வீடுதான் இல்லை. மாட்டுத்தொழுவத்துக்கு வெள்ளையடித்து வாடகைக்கு விட்டார்கள். ஒரு வீட்டுக்குள் தட்டி வைத்து மறைத்து நாலைந்து குடும்பத்தை அடைத்தார்கள். நினைத்தபோது வாடகையைக் கூட்டுவார்கள், வாயைத் திறக்க முடியாது, திறந்தால் சாமானைத் தூக்கித் தெருவில் வைத்துவிட்டு அடுத்த ஆளை உள்ளே விட்டுவிடுவார்கள். என் வீட்டுக்காரர் சேவியர் துறைமுகத்தில் சரக்குத் தூக்குகிற வின்ச் ஓட்டினார். அவர் அண்ணன் வீட்டு நடையில் ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, அதற்குப் பின்னால்தான் நாங்கள் குடும்பம் நடத்தினோம். விடியுமுன்னே கடலுக்குப் போகிறவர்கள் எங்கள் தலைமாட்டைத் தாண்டித்தான் வெளியே போகவேண்டும். அதற்குமேல் என்ன சொல்ல!

அந்தச் சமயத்தில்தான் பலசரக்குக் கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சியின் மகளுக்குப் பிரசவம் சிக்கலாகி, தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிது என்று ஆனது. அண்ணாச்சி வராந்தாவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சிஸ்டரம்மா, ஒங்களுக்கு என்ன செய்யணும், கேளுங்க" என்றார். நான் யோசிக்கவே இல்லை. "வீடு வேணும் அண்ணாச்சி" என்றேன்.

ரயில் தண்டவாளத்துக்கு மேற்கே, உடைமரக் காட்டை அழித்து மனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே அவர் புதிதாகக் கட்டிய வீட்டில் நான்கு குடித்தனம், பின்பக்கம் கிடைத்தது எங்களுக்கு. ஒரு அறை, சமைக்க ஒரு குசினி, அவ்வளவுதான். ஆனால் சாவி கைக்கு வந்த அன்று, நம்புங்கள், நான் அந்தச் சாவிக்கு முத்தம் கொடுத்தேன். சேவியர் சிரித்தார். அன்றைக்கு நாங்கள் அந்த வெறும் தரையில் உருண்டு புரண்டு சிரித்தோம், காலை நீட்டினால் இன்னொருவர் மேல் படாத தரை!

பால் காய்ச்சிய மறுநாள் மத்தியானம், எனக்கு வார்டில் முறை இல்லை, தனியாக இருந்தேன். தலைக்கு மேலே ஒரு டம்ளர் விழுந்து, கடகடவென்று உருண்டு, சுவரில் முட்டி நின்றது. தொடர்ந்து ஒரு குழந்தை தத்தக்கா பித்தக்கா என்று ஓடுகிற சத்தம். நாற்காலி இழுபடுகிற சத்தம். மாடிக்காரர்கள் சாமான் இறக்குகிறார்கள்போல என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்குக் கறிக்குத் தேங்காய் துருவினேன். துருவிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இந்த வீட்டுக்கு ஏது மாடி? மேலே மொட்டைத் தளம். ஏறுவதற்குப் படிகூட இல்லை.

பக்கத்துக் குடித்தனத்தில் பேச்சியக்கா இருந்தாள். ஆத்தூர்க்காரி, அவள் வீட்டுக்காரர் வெற்றிலை வியாபாரம். ஓடிப்போய், "அக்கா, மேல யாரும் ஏறியிருக்காங்களா?" என்றேன். அவள் என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"ஏளா பிலோமி, மெதுவாப் பேசு. ஒனக்கும் கேட்டுட்டா?"

"ஒங்களுக்கும் கேக்குதா?"

"முன் வீட்டுலயும் கேக்குது. எல்லாருக்குந்தான் கேக்குது. வெளிய சொன்னா வீட்டுக்குக் கெட்ட பேரு வந்திரும்னு அண்ணாச்சி நம்மளைக் காலி பண்ணச் சொல்லிருவாரு. பிறகு எங்கன போய் நிக்க? மேல இருக்கது மேல இருக்கட்டும், நாம கீழ இருப்போம்."

பார்த்தீர்களா, பேயைவிட வீடு இல்லாததுக்குத்தான் பயந்தோம் எல்லாரும்! நான் திரும்பி வந்து மிச்சத் தேங்காயைத் துருவினேன்.

ஆனால் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பயம் இல்லை, ஒரு பரபரப்பு, என்னதான் அது என்று பார்த்துவிடவேண்டும் என்று. சித்திரை மாசம், மத்தியான வெயில், எதிர் மனையில் வெள்ளையடிக்கிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள், அவர்கள் ஏணியைத் தூக்கிவந்து சாத்தினேன். பேச்சியக்கா முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே என் பின்னால் ஏறினாள். தளத்தில் காலை வைத்ததும் இரண்டு பேரும் துள்ளினோம், அப்படிச் சுட்டது. ஓட்டமும் நடையுமாக நான்கைந்து எட்டு வைத்திருப்போம். சட்டென்று பாதம் குளிர்ந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன். அதே தளம், அதே வெயில் தலையில் அடிக்கிறது, காலுக்குக் கீழே மட்டும் கூரைக்குள் இருக்கிற சிமெண்ட் தரையின் குளிர்ச்சி. ஒரு அடி தள்ளி வைத்தால் சுடுகிறது, இந்தப் பக்கம் வைத்தால் குளிர்கிறது. கோடு கிழித்த மாதிரி. நான் அந்தக் கோட்டைக் காலாலேயே தடவித் தடவிப் போனேன், அது திரும்பியது, மறுபடி திரும்பியது, நடுவில் ஒரு வாசல் அளவு விட்டுவிட்டுத் தொடர்ந்து போனது. "அக்கா, இது அறை. இங்கன குசினி" என்று நான் கத்துகிறேன், எனக்குச் சிரிப்பு வருகிறது, உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிகிறது.

அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழந்தை ஓடியது. பார்க்கவில்லை, சத்தம்தான், ஆனால் பேச்சியக்காவின் முந்தானை இடிபட்ட மாதிரி விலகியது. பின்பக்க ஓரத்துக்கு ஓடிய அந்தச் சத்தம் அங்கே நின்றது. "ஏலே ராசா!" என்று ஒரு பொம்பிளை வீறிட்டாள். கீழே ஏதோ பொத்தென்று விழுந்தது. ஓடிப்போய் எட்டிப் பார்த்தோம். துவைக்கிற கல்லும், கொடியில் என் வெள்ளைச் சேலையும்தான் இருந்தன.

எப்படி இறங்கினோம் என்று தெரியாது. பேச்சியக்கா அன்றே திருச்செந்தூருக்குக் காசு முடிந்து வைத்தாள், நான் ஜெபமாலையைக் கையில் எடுத்தேன். முன்னே இங்கே ஏதோ பிள்ளை விழுந்து செத்திருக்கிறது என்றுதான் நினைத்தோம். அண்ணாச்சியிடம் மெல்லப் பேச்சுக் கொடுத்தால், "முந்தி யாரு இருந்தாவளா? இது காடும்மா. உடைமரமும் நரியுந்தான்" என்கிறார்.

அந்த வருசம் மழை முடிந்ததும் அண்ணாச்சி மாடி கட்டத் தொடங்கினார். படிக்கட்டு வந்தது. ஒரு நாள் கொத்தனார்களுக்குக் காபி கொண்டுபோனேன். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். என் கால் தடவிப்போன அதே கோட்டில் சுவர். அதே திருப்பம், அதே வாசல், நான் குசினி என்று சொன்ன இடத்தில் அடுப்பு மேடை. காபித் தூக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்து பேச்சியக்காவை உலுக்கினேன். "அக்கா, அது செத்துப்போன பிள்ளை இல்ல. இனிமேத்தான் வரப்போவுது!"

மாடிக்கு ஒரு ஜூனியர் இன்ஜினியர் குடிவந்தார். பெண்சாதி கோமதி, சிரித்த முகம். கையில் ஒரு ஆண்பிள்ளை, மூன்று வயதுக்குள்தான் இருக்கும். "பேரு என்ன?" என்று கேட்டேன். ஏதோ பெரிய பேராகச் சொன்னாள், "நாங்க ராசான்னுதான் கூப்பிடுதோம்" என்றாள். அன்று மத்தியானமே மேலே டம்ளர் உருண்டது, சுவரில் முட்டி நின்றது.

மாடியின் பின்பக்கம் ஒரு துண்டுத் தளம் திறந்தபடி கிடந்தது, கைப்பிடிச் சுவர் இல்லை. நேராக அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"அங்கன இன்னொரு குடித்தனம் இழுக்கப் போறேன் சிஸ்டரம்மா. செவரு கட்டிட்டு மறுபடி இடிக்கவா?"

"சின்னப் பிள்ளை இருக்கு அண்ணாச்சி, விழுந்திரும்."

"பிள்ளையப் பெத்தவ பாத்துக்கிடணும். பிடிக்கலைன்னா சாவியக் குடுக்கச் சொல்லுங்க, வாங்க ஆளு நிக்கி."

கோமதியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. "காலி பண்ணச் சொல்லிட்டாருன்னா எங்க போவோங்க்கா?" என்றாள். அதுதானே நானும் பேச்சியக்காவும் கேட்ட கேள்வி, அவளை என்ன சொல்ல? சேவியர்தான், "ஏளா, வா, நாமளே அடைப்போம்" என்று அண்ணன் வள்ளத்துப் பழைய வலையைக் கொண்டுவந்தார். தளத்து ஓரத்தில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகளில் அதை வேலி மாதிரி இழுத்துக் கட்டினோம். அண்ணாச்சி பார்த்துவிட்டு, "எம் வீட்டக் கருவாட்டுக் கொட்டகையா ஆக்கிட்டிய" என்று முணுமுணுத்தார், ஆனால் அவிழ்க்கச் சொல்லவில்லை.

பிறகு ஒரு சாயங்காலம். குசினியில் சாளை மீன் செதில் எடுத்துக்கொண்டிருந்தேன். மேலே அந்த ஓட்டம் கேட்டது. தினம் கேட்கிற ஓட்டம்தான், ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது, இதுதான் அது என்று. அரிவாள்மணையைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் பாய்ந்தேன். "ஏலே ராசா!" அதே வீறல், அதே குரல். பொத்தென்று விழுந்தது, என் காலடியில் செங்கல். ஓரத்தில் அடுக்கியிருந்த கல்லைத் தள்ளிவிட்டிருக்கிறான். நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளை தளத்துக்கு வெளியே அந்தரத்தில் நின்றான்.

நின்றான் என்றுதான் சொல்வேன். வலையின் அடியில் நுழைந்து வெளியே போயிருக்கிறான், ஒரு கால் கண்ணியில் மாட்டியிருந்தது. கால் மாட்டினால் தலைகீழாகத்தானே தொங்கவேண்டும்? அவன் நேராக இருந்தான். வலது கை மட்டும் தலைக்கு மேலே விறைப்பாக நீண்டிருந்தது, கடைத்தெருவில் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போகிற பிள்ளையின் கை இருக்குமே, அந்த மாதிரி. நான் இரண்டு கையையும் விரித்தபடி கீழே நின்றேன். கோமதி வந்து, குப்புறப் படுத்து, வலையோடு அவனை உள்ளே வாரி இழுத்த பிறகுதான் அந்தக் கை கீழே இறங்கியது.

அண்ணாச்சி அந்த வாரமே கைப்பிடிச் சுவர் கட்டினார். அன்று பிள்ளைக்கு ஒரு சிராய்ப்பு இல்லை, அழக்கூட இல்லை. பேச்சியக்கா திருநீறு பூசினாள், நான் சிலுவை போட்டேன், எல்லாரும் சிரித்து அழுது அமர்க்களம். நான் அவனை மடியில் வைத்து பிஸ்கட்டை ஊட்டிக்கொண்டு, "பயந்துட்டியா ராசா?" என்று கேட்டேன்.

"இல்ல. மேல் வீட்டு அத்தை கையப் பிடிச்சிக்கிட்டாங்க."

"மேல் வீடா? நீதானப்பா மேல் வீடு."

அவன் பிஸ்கட்டை மென்றுகொண்டே தன் வீட்டுக் கூரைக்கு மேலே விரலை நீட்டினான். அங்கே கட்டாத அடுத்த மாடிக்கு விட்ட கம்பிகளும் ஆகாயமும்தான். கோமதி உளறுகிறான் என்று சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. "அத்தை பேரு என்ன?" என்று கேட்டேன்.

"லீலாத்தை" என்றான்.

லீலா என்று எங்கள் தெருவிலேயே யாரும் கிடையாது. கோமதிக்கும் அப்படி ஒரு சொந்தம் இல்லை. அந்த வீட்டுக்கு இன்றுவரை இரண்டாவது மாடி எழும்பவில்லை, நாங்களும் வேறு இடம் போய்விட்டோம். இப்போதும் இதையெல்லாம் நம்புகிறவளா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்குப் பிறகு நான் வேலை பார்த்த காலம் முழுக்க, வார்டில் ஒரு பெண்பிள்ளை பிறந்து, "என்ன பேரு வைக்கப் போறிய?" என்று நான் கேட்டு, அவர்கள் லீலா என்று சொல்லிவிட்டால், துணி சுற்றிக்கொண்டிருக்கிற என் கை நின்றுவிடும். மூடிக்கிடக்கிற அந்தச் சின்ன விரல்களை மெல்லப் பிரித்துப் பார்ப்பேன். என் விரலை அப்படியே இறுகப் பிடித்துக்கொள்ளும்.