வாய் தவறி வந்த ‘சாம்பிள்’

அயர்லாந்தில் படிக்கும் என் மகளுக்கு வலிப்பு மாத்திரை தீரும் நிலையில் இருந்தது. அங்கே டாக்டரைப் பார்க்க நாளாகும் என்றாள். நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியின் சாம்பிள் பெட்டிகளை வெளிநாட்டுக்கு அனுப்ப வழக்கமாக நான் போகும் கூரியர் அலுவலகத்துக்கு, அவற்றோடு மாத்திரைப் பெட்டியையும் கொண்டுபோனேன்.

“இதுல என்னங்க?” என்றார் கவுன்ட்டரில் இருந்த பெண்.

“சாம்பிள்தானுங்க.” பழக்கத்தில் சொல்லிவிட்டேன். அவரும் வழக்கம்போல ‘டீ-சர்ட் சாம்பிள்’ என்றே பதிந்துகொண்டார்.

மறுநாள் அவரே போனில் கூப்பிட்டார். “ஏனுங்க, டீ-சர்ட்டுன்னு பாத்தா எக்ஸ்ரேல மாத்திரையாத் தெரியுதாமுங்க. கோயம்புத்தூர்லயே நிறுத்திட்டாங்க.”

“எம்பொண்ணு மருந்துங்க அது!”

“நேத்தே சொல்லக்கூடாதுங்களா? அந்த ஊரு கஸ்டம்ஸ்ல மாட்டியிருந்தா கைக்கே கெடைச்சிருக்காதுங்க. டாக்டர் சீட்டு எடுத்துட்டு வாங்க.”

சீட்டோடு ஓடினேன். “இப்பவும் சாம்பிள்தானுங்களா?” என்று கேட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாத்திரையின் பெயரைச் சொல்லி, சீட்டையும் கொடுத்தபின், கோயம்புத்தூரில் நின்ற பெட்டியை அனுப்பினார்கள். கடைசி மாத்திரையைப் போட்ட அன்றுதான் பார்சல் வந்தது என்றாள் மகள்.

இப்போது வீட்டுப் பார்சலைக் கம்பெனிப் பெட்டிகளோடு கொண்டுபோவதில்லை. தனியாகப் போகிறேன். கேள்வி வந்ததும், பெட்டிக்குள் இருப்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்த பிறகே வாயைத் திறக்கிறேன்.