போதகரின் நீலக் கொப்பி

எண்பதுகளில் பாரிஸின் லா சப்பலில், உணவகம் ஒன்றின் பின்னறையில் ஞாயிறுதோறும் ஜெபக்கூட்டம் நடத்தினார் அந்த யாழ்ப்பாணத்துப் போதகர். கோடையிலும் கோட்டைக் கழற்றமாட்டார். அதன் பையில் ஒரு நீலக் கொப்பி இருக்கும். ஆண்டவர் கனவில் சொன்னதையெல்லாம் அதில் எழுதிவந்து எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

ஒருநாள் கழுத்துப்பட்டி கட்டிய இரண்டு மோர்மன் சபை இளைஞர்கள் வாசலில் நின்று, தங்கள் அமெரிக்கத் தீர்க்கதரிசி தந்த வேதப் புத்தகத்தை நீட்டினார்கள். அவர்களைத் துரத்திவிட்டு எங்களிடம் திரும்பினார் போதகர்.

"பைபிளோடை எல்லாம் முடிஞ்சுது. பிறகு ஒரு அமெரிக்கன் தனக்கு வெளிப்பாடு வந்ததெண்டு எழுதினால், அது கள்ள உபதேசம்!"

"அப்ப உங்கடை கொப்பி, பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"அது அச்சடிச்ச புத்தகம், தம்பி. இது கொப்பிதானே."

அடுத்த ஞாயிறு கொப்பியைத் திறந்தார். அந்த வாரம் முழுக்க ஆண்டவர் அவருடைய கனவில் என்னைப் பற்றியே பேசியிருந்தார்.