ஆழத்தில் ஒரு வெள்ளைத் தட்டு

அந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் அவரைத் தட்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில், வீட்டிலிருந்து கொண்டுவந்த வெள்ளைப் பீங்கான் தட்டை ஆழப் பகுதியில் நழுவவிடுவார். கரையில் நின்று பார்க்கும்போது அது தெரிந்தால்தான் கதவைத் திறப்பார். “சோத்துத் தட்டக் கேட்டா தண்ணிக்குள்ள கிடக்குதுங்கிற புருஷன் எனக்குன்னு வாய்ச்சிருக்காரு” என்று மனைவி அலுத்துக்கொள்வாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. தண்ணீரில் இருக்கும் தலைகளை எண்ணுவார். பிறகு வாசலில் கிடக்கும் செருப்பு ஜோடிகளை எண்ணுவார். பதினோரு வருஷமாகக் கணக்கு பிசகியதில்லை.

அந்த மாதம் குடியிருப்போர் சங்கச் செயலாளர் கரையைச் சுற்றி உயரமான விளக்குக் கம்பங்களை நட்டார். தண்ணீருக்குள் இருந்த பழைய விளக்குகளை அணைத்துவைக்கச் சொன்னார்.

“பகல் மாதிரி இருக்கு, பாத்தீங்களா?”

“மேல பகல்தான் சார். கீழ ஒண்ணும் தெரியல. என் மூஞ்சிதான் தெரியுது.”

“அது பெரிய அழகாக்கும்! கதவத் திறங்க. சுவிட்சுல கை வச்சீங்க, நாளைக்கே வேற ஆளப் பாத்துக்குவேன்.”

தட்டுக்காரர் திறந்துவிட்டார். தட்டைப் பார்க்காமல் திறந்தது அதுவே முதல் தடவை.

“அண்ணே, தட்டக் காணோமா? நான் வேணா எடுத்துட்டு வரட்டா?” என்று சீண்டினாள் ஆறாம் மாடிக் கல்லூரிப் பெண்.

“உன் வேலையப் பாரும்மா.”

சிரித்துக்கொண்டே நீந்திப் போனாள்.

சற்று நேரத்தில் எண்ணினார். செருப்பு ஏழு ஜோடி. தலை ஆறு. மறுபடியும் எண்ணினார். ஆறுதான். ஆழப் பகுதியில் ஒரு சுழிப்புகூட இல்லை. கம்ப விளக்குகள் நீர்ப்பரப்பில் வழுவழுவென்று பளபளத்தன. குனிந்து பார்த்தார். அவர் முகமே அவரைப் பார்த்தது. அந்த முகத்துக்குப் பின்னாலிருந்து வேறு யாரோ பார்ப்பதுபோல் இருந்தது.

“யாராச்சும் வெறுங்காலோட வீட்டுக்குப் போயிருப்பாங்கய்யா” என்றார் செயலாளர்.

தட்டுக்காரர் சுவிட்சை நோக்கி ஓடினார். கை ஒரு கணம் தயங்கியது. பிறகு கம்ப விளக்குகளை அணைத்து, தண்ணீருக்குள் இருந்தவற்றைப் போட்டார். இருட்டில் கூச்சல் எழுந்தது. அடியிலிருந்து பச்சை வெளிச்சம் மெல்லப் பரவியது. தட்டு இருக்க வேண்டிய இடத்தில் நீண்ட கூந்தல் விரிந்து, நிதானமாக அசைந்துகொண்டிருந்தது.

அப்படியே குதித்தார்.

கரையில் கிடத்தி நெஞ்சை அழுத்த அழுத்த, அவள் தண்ணீரைக் கக்கினாள். மூச்சு வந்தது. விரல்கள் மட்டும் தட்டை விடவில்லை. ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

கம்ப விளக்குகளைப் பற்றிச் செயலாளர் பிறகு வாயே திறக்கவில்லை. நான்கு நாள் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் குளத்தருகே இருந்த அவர் அறைக்கு வந்தாள்.

“தட்ட எடுத்துட்டேண்ணே. அப்பதான் கால் இழுத்துக்கிச்சு. கீழ இருந்து பாத்தா உங்க சட்டைப் பட்டன்கூடத் தெரிஞ்சுது. கையக் கைய ஆட்டினேன். நீங்களும் குனிஞ்சு என்னையேதான் பாத்தீங்க.” கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டாள்: “ஏண்ணே உடனே வரல?”



அன்று மாலை தட்டு பளிச்சென்று தெரிந்தது. ஆனாலும் அவர் கதவைத் திறக்க வெகுநேரம் ஆயிற்று.